தினம் 3,500 காலியிடம்

இன்னா பேராண்டி, விடியறதுக்கு முன்னாடியே சட்டைக்கு இஸ்திரி போட்டுகினு நிக்கிற? பொண்ணு பாக்கத்தான் கெளம்புறன்னு உங்க ஆயா குஷியா கெடக்குறா. அவகிட்ட இன்னும் விஷயத்த ஒடைக்கலியா நீ? எங்கயோ ஒரு புகையிலைக் கம்பெனி பேக்டரியப் பெருசாக்குதாம், புதுசா ஷெட்டு எழுப்புறானாம், ஆயிரக்கணக்குல ஆளு எடுக்கப் போறானாம், உன் போன்ல வந்துச்சாம். மெக்கானிக்கல் படிச்சிட்டு கொல்லையில மல்லாட்டை புடுங்கினு இருக்கிறவனுக்கு இப்டி ஒரு சேதி வந்தா ராத்திரி தூக்கம் வராதுதான். வா, இப்டி உக்காரு. திண்டிவனம் பஸ்ஸு கீழ்பென்னாத்தூருக்குள்ள வர இன்னும் நேரம் கெடக்கு.

கெழவன் தடுக்கிறான்னு நெனைச்சிக்காத. நான் எதுக்குத் தடுக்கப் போறேன்? நல்ல தொழிலுடா அது. வெளைவிக்கிறவனுக்குக் காசு, விக்கிறவனுக்குக் காசு, அரசாங்கத்துக்கு வரி, முதலாளிக்கு லாபம். அதோட நின்னுச்சா? காஞ்சிபுரம் காரப்பேட்டை ஆஸ்பத்திரி, அடையாறு ஆஸ்பத்திரி, பாண்டிச்சேரி ஜிப்மருன்னு வரிசையா டாக்டரு, நர்சு, ஸ்கேன் எடுக்கிறவன், ஆம்புலன்ஸ் ஓட்டுறவன், கேட்டுக்கு வெளிய இட்லி விக்கிறவ, அப்புறம் பந்தல் போடுறவன், மாலை கட்டுறவன், பேண்டு செட்டுக்காரன். எம்மாம் பேருக்குப் பொழப்பு! இழுத்தவன் ஒருத்தன்தான் கொஞ்சம் சீக்கிரமா கெளம்பிடுறான். ஊரே பொழைக்கச் சொல்லோ அவன் ஒருத்தன் போனா இன்னா?

ஆனா பேக்டரி பெருசானா வேலை பெருகும்னு சொன்னான் பாரு, அந்த எடத்துலதான் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சி.

அமெரிக்காவுல, 1875 வாக்குல, ஆலன் அண்ட் ஜின்டர்னு ஒரு சிகரெட்டு கம்பெனி. அப்போ சிகரெட்ட கையாலதான் சுத்தணும். கைதேர்ந்தவங்க நிமிஷத்துக்கு நாலு சுத்துவாங்க. மொதலாளிக்கு அது பத்தல. சிகரெட்டு சுத்துற மிஷின் செஞ்சு குடுக்கிறவனுக்கு 75,000 டாலர் பரிசுன்னு அறிவிச்சான். ஜேம்ஸ் போன்சாக்குன்னு ஒரு பையன், உன் வயசுதான், படிப்ப நடுவுல விட்டுட்டு மிஷின் செய்ய உக்காந்தான். 1881ல பேட்டண்டு வாங்குனான். ஒரு நாளைக்கு 1,20,000 சிகரெட்டு கக்குச்சு அது. பரிசு குடுக்கிறேன்னவன் பாத்துட்டு வேணான்னுட்டான். டியூக்குன்னு இன்னொரு மொதலாளி 1884ல அதைக் கெட்டியா புடிச்சிகினான். சிகரெட்டு வெல எறங்கிடுச்சி, டியூக்கு ஊரையே வளைச்சிட்டான். கையால சுத்திகினு இருந்த பொண்ணுங்க, ஆம்பளைங்கெல்லாம் இன்னா ஆனாங்கன்னு கேக்கிறியா? பேக்டரி விரிவாயிடுச்சி நைனா. அவங்க வெளிய வந்துட்டாங்க.

இது பழங்கதைன்னு தள்ளாத. இன்னிக்கு வர்ற மிஷின் நிமிஷத்துக்கு 20,000 சிகரெட்டு வரைக்கும் சுத்துது. எட்டு மணி நேர ஷிப்டுக்கு எம்மாம்? போன எடுக்காத, வாயால சொல்லு. 480 நிமிஷம், நிமிஷத்துக்கு 20,000. 96 லட்சம். இப்போ இந்தப் பக்கம் வா. குடியாத்தத்துல, பேரணாம்பட்டுல வீட்டுத் திண்ணையில உக்காந்து பீடி சுத்துற பொம்பள, காலையில சோறாக்கி வச்சிட்டு முறத்த மடியில வச்சாள்னா பொழுது சாயறதுக்குள்ள ஆயிரம் சுத்துவா. கொஞ்சம் கை வேகம்னா அதுக்கு மேல. அப்போ ஒரு மிஷினு ஒரு ஷிப்டுல செய்யறது 9,600 பொம்பளைங்க நாள் பூரா செய்யற வேலை. பீடியும் சிகரெட்டும் ஒண்ணா தாத்தான்னு கேப்ப. ஒண்ணில்லதான். ஒரு பக்கம் காகிதம், ஒரு பக்கம் இலை. நெஞ்சுக்குள்ள போனப்புறம் ரெண்டுக்கும் சாதி கெடையாது.

நம்ம ஏரிக்கு அந்தாண்ட நெல்லு அறுக்கிற மிஷினு வந்தப்ப நீ சின்னப் பையன். அதுக்கு முன்னாடி ஒரு காணி அறுக்க எத்தினி பேரு எறங்குவாங்க, எத்தினி தூக்குச்சட்டி வரப்புல நிக்கும்னு உங்க அப்பனக் கேளு. இப்போ ஒரு டிரைவரு, ஒரு எடுபிடி. மிஷினுக்காரனும் அறுவடைய ‘விரிவாக்கம்’ பண்ணேன்னுதான் சொல்றான், பொய்யில்ல.

சிகரெட்டு பேக்டரிய இந்த நாட்டுல இஷ்டத்துக்குத் தொறக்கவும் முடியாது, தெரியுமில்ல? 1991ல முக்காவாசித் தொழிலுக்கு லைசன்சத் தூக்கி எறிஞ்சப்ப கூட சிகரெட்டுக்கு லைசன்சு வேணும்னு புடிச்சி வச்சிகினாங்க. வெளிநாட்டுக்காரன் பணம் போட்டு இங்க சிகரெட்டு பேக்டரி கட்டக் கூடாதுன்னு 2010ல இருந்து தடை. அதனால இந்தத் தொழில்ல பேக்டரி பெருசாவுதுன்னு சேதி வந்தா, ஷெட்டு எம்மாம் நீளம்னு பாக்காத. உள்ள வர்ற மிஷினு எந்த ஊருது, அதுக்குப் பக்கத்துல எத்தினி பேரு நிப்பாங்கன்னு கேளு.

சரி, பேக்டரிக்குள்ள ஆளு கம்மி. அப்போ கோடிக்கணக்கான பேரு பொழைக்கிறாங்கன்னு சொல்றாங்களே, அவங்கெல்லாம் எங்க? அதுதான்டா இந்தத் தொழிலோட சூட்சுமம். மிஷினு இருக்கிற எடத்துல கூரை இருக்கு, ஆளு இல்ல. ஆளு இருக்கிற எடத்துல கூரையே இல்ல. இருக்கு, அந்தம்மா சொந்தச் செலவுல போட்ட கூரை.

பீடி சுத்துறத நீ கிட்ட உக்காந்து பாத்திருக்க மாட்ட. சொல்றேன். இலை நம்ம ஊருதில்ல, மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காட்டுல இருந்து வரும். தூளு குஜராத்துல இருந்தும் கர்நாடகா நிப்பாணியில இருந்தும் வரும். இலைய ராத்திரியே நனைச்சி ஈரத்துணியில சுத்தி வப்பா. காலையில தகர அளவ மேல வச்சி கத்தரியால சுத்தி வெட்டுவா. ஒரு சிட்டிகை தூளு, ஒரு உருட்டு, நூல ஒரு சுத்து, வாய நகத்தால மடக்கி உள்ள தள்ளிட்டா பீடி. இருபத்தஞ்ச சேத்துக் கட்டுனா ஒரு கட்டு. சாயந்திரம் ஏஜெண்டு வருவான், எண்ணுவான், இது லூசு, இது ஒல்லி, இது கழிவுன்னு ஒரு கை அள்ளி ஓரமா வப்பான். ஓரமா வச்சத மறுபடி கண்ணுல காட்ட மாட்டான். இலை பத்தலன்னா அவதான் கைக்காசு போட்டு வாங்கணும். வெளக்கு அவளது, திண்ணை அவளது, கத்தரி அவளது, இருமலும் அவளது. மொதலாளிக்கு வாடகை இல்ல, கரண்டு பில்லு இல்ல, கக்கூஸ் கட்ட வேணாம், கேண்டீன் வேணாம். இந்த மாதிரி ஒரு பேக்டரிய எந்த எஞ்சினியர்டா டிசைன் பண்ணுவான்? ஊரு ஊரா, தெரு தெருவா விரிஞ்சிகினே போவுது, ஒரு செங்கல்லு எடுத்து வைக்காம.

இது தானா நடந்துச்சின்னு நெனைச்சிக்காத. ஒரு காலத்துல பீடிக்கும் பெரிய பெரிய பட்டறைங்க இருந்துச்சி. நூறு எரநூறு பேரு வரிசையா பாய்ல உக்காந்து சுத்துவாங்க. 1966ல தில்லியில சட்டம் வந்துச்சி, பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம். வேலை நேரம், லீவு சம்பளம், காத்தோட்டம், குடிக்கத் தண்ணி, எல்லாம் பேக்டரி ஆளுக்கு உள்ளது பீடிக்காரனுக்கும் உண்டுன்னு. சட்டம் வந்தவுடனே இன்னா நடக்கும்? நீ நெனைக்கிற, மொதலாளி தண்ணிப்பானை வப்பான்னு. கேரளாவுல 1968ல அத அமுல்படுத்துனாங்க பாரு, மங்களூர் கம்பெனிக்காரங்க கண்ணூர்ல இருந்த பட்டறையெல்லாம் இழுத்துப் பூட்டிட்டுக் கெளம்பிட்டாங்க. பன்னண்டாயிரம் பேருகிட்ட தெருவுல நின்னாங்க. தண்ணிப்பானை செலவு மிச்சம்.

ஆனா அந்தக் கண்ணூர்காரங்க வெவரமானவங்க. பட்டறையிலயே வளந்த வெவரம் அது. கையி சுத்திகினே இருக்கும், காது சும்மாதானே இருக்கு? அதனால ஒருத்தன நடுவுல உக்கார வச்சி பேப்பரு படிக்கச் சொல்வாங்க. தலையங்கம், கதை, ரஷ்யா சேதி, எல்லாம். படிக்கிறவனுக்குக் கூலி போயிடுமே? ஆளுக்குக் கொஞ்சம் பீடி சுத்தி அவன் கணக்குல போட்டுடுவாங்க. நாள் பூரா பேப்பரு கேட்டவன் சும்மா இருப்பானா? 1969 பிப்ரவரியில அரசாங்கத்தப் புடிச்சி கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சாங்க, தினேஷ் பீடின்னு. மொதலாளி இல்லாத பீடி. பிஎஃப், போனசு, லீவு சம்பளம் எல்லாம் குடுத்தும் கம்பெனி நொடிக்கல, வளந்துச்சி. நல்லா ஓடுன காலத்துல நாப்பதாயிரம் பேருக்கு மேல வேலை பாத்தாங்க. புகையிலையில பேக்டரி விரிவாகி நெசமாவே ஆளுக்கு வேலை குடுத்த கதை வேணும்னா எனக்குத் தெரிஞ்சி இது ஒண்ணுதான். மிஷினு இல்லாம, மொதலாளி இல்லாம.

அப்புறம் இன்னா ஆச்சின்னு கேளு. பீடி குடிக்கிறவன் கொறைய ஆரம்பிச்சான். கொறையுதுன்னு தெரிஞ்ச ஒடனே அவங்க சுடுகாட்டுப் பக்கம் போயி ஆளு தேடல. தேங்காப்பாலு, மசாலாத் தூளு, ஊறுகா, கொடைன்னு திரும்பிட்டாங்க. கம்ப்யூட்டர் கம்பெனி கூட வச்சாங்க. கேரளாவுல மழைக்கு ஆளு கொறையவே மாட்டாங்க பாரு, கொடை யாவாரம் நல்ல யோசனை. பீடி சுத்துன வெரலு கொடைத் துணி தைக்குது. ஆனா அதுலயும் நாப்பதாயிரம் பேருக்கும் எடம் கெடைக்கல, அத மறைக்கக் கூடாது. வயசானவங்க பென்சன்ல போனாங்க, புதுசா ஆளு சேக்கல.

இதச் சொல்லச் சொல்லோ நம்ம ஜில்லா கதைய விட்டா பாவம் வந்துடும். திருவண்ணாமலை தனி ஜில்லாவானது 1989ல. அதுக்கு முன்னாடி வேலூரோட சேந்த வட ஆற்காடுதான நாமெல்லாம். அந்த வட ஆற்காட்டுல பீடிக்குப் புள்ளைங்கள அடமானம் வச்சது ஊரறிஞ்ச சங்கதி. அக்கா கல்யாணம், அப்பன் வைத்தியம்னு சில நூறு ரூவா கடன் வாங்கிட்டு, கடன் தீர்ற வரைக்கும் பத்து வயசுப் புள்ளைய அனுப்பிடுவாங்க. கடனு தீராது. தீராத மாதிரிதான் கூலிய வப்பான். நியூயார்க்குல இருக்கிற ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 1996ல இதப் பத்தி புத்தகமே போட்டுச்சி. அதுல ஒரு சேதி, பீடி சுத்துற புள்ளைக்குத் தாடைக்கும் கழுத்துக்கும் நடுவுல தீப்பெட்டிய வப்பாங்களாம். தல நிமிந்தா தீப்பெட்டி விழுந்துடும். விழுந்தா வேலையில கவனம் இல்லன்னு அர்த்தம், அடி. பாத்தியா, ஆள எண்ண ரிஜிஸ்டர் வேணாம், சூப்பர்வைசர் வேணாம், ஒரு தீப்பெட்டி போதும். அந்தப் புள்ளைங்களையும் வேலைவாய்ப்புன்னு எந்தக் கணக்குலயாவது சேத்திருப்பாங்கன்னுதான் நெனைக்கிறேன். இதுல எனக்கு நையாண்டி பண்ண வாய் வரல, விடு.

தெக்க, திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் போனா இன்னொரு வேடிக்கை. பொண்ணுக்கு பீடி சுத்தத் தெரியுமான்னு கேட்டுட்டுத்தான் ஜாதகத்தையே பிரிப்பாங்க. பீடிக் கம்பெனி பாஸ்புக்கு இருந்தா சவரன்ல கூட கொறைச்சிப்பாங்கன்னு சொல்லுவாங்க. முக்கூடலு, மேலப்பாளையம்னா பீடிதான் மொதல்ல வாயில வரும். உனக்கு பீடி சுத்தவும் தெரியாது, பொண்ணு வீட்ல இன்னா கேக்கப் போறாங்களோ.

இப்போ அந்தக் கோடிக் கணக்குக்கு வா. புகையிலையில நாலரைக் கோடிப் பேருக்கு மேல பொழைக்கிறாங்கன்னு சிகரெட்டு கம்பெனிங்க சங்கம் சொல்லும். எப்போ சொல்லும்னு கவனிச்சிப் பாரு. கூலி ஏத்தச் சொல்லோ சொல்லாது. பெட்டி மேல படம் போடச் சொன்னா சொல்லும், வரி ஏத்துனா சொல்லும். அந்த நாலரைக் கோடியில காட்டுல இலை பறிக்கிறவ இருக்கா, ஆந்திராவுல நாத்து நடுறவன் இருக்கான், நம்ம பஸ் ஸ்டாண்டு பொட்டிக்கடை அண்ணாச்சி இருக்கார். அவரு வாழப்பழமும்தான் விக்கிறாரு, வாழக்காய்ச் சங்கமும் அவர எண்ணிக்கலாம். 2016 ஏப்ரல்ல பெட்டியில 85 சதவீதம் எச்சரிக்கைப் படம் போடணும்னு உத்தரவு வந்துச்சி. இன்னா பண்ணாங்க தெரியுமா? பெரிய பெரிய சிகரெட்டு கம்பெனிங்கெல்லாம் சேந்து பேக்டரியப் பூட்டிட்டாங்க. தொழிலாளி வேலைநிறுத்தம் பண்ணா போலீசு வரும். மொதலாளி பண்ணா பத்திரிகைக்காரன் வருவான். சுப்ரீம் கோர்ட்டு மே மாசம் படம் போடத்தான் வேணும்னுச்சி, பேக்டரி மறுபடி ஓடுச்சி. அந்தப் பூட்டுன நாள்ல அத்தினி கோடிப் பேரு பொழப்பு எங்க போயி இருந்துச்சின்னு நான் இன்னும் யோசிச்சிகினு இருக்கேன்.

பீடிக்கு இன்னொரு மாதிரி. ஏழைத் தொழிலாளி பேரச் சொன்னா வரி எறங்கும். 2025 செப்டம்பர்ல ஜிஎஸ்டி கவுன்சில் சிகரெட்டுக்கு 40ன்னும், பீடிக்கு மட்டும் 28ல இருந்து 18ன்னும் முடிவு பண்ணுச்சி. இலைக்கு 18ல இருந்து 5. நல்லதுதான். ஆனா பழைய காலத்துல பீடிக்குன்னு தனியா ஒரு தீர்வை வாங்கி, அந்தக் காசுல பீடித் தொழிலாளிக்கு ஆஸ்பத்திரி, புள்ளைங்களுக்குப் படிப்புக் காசு, வீடு கட்டக் காசுன்னு 1976ல இருந்து குடுத்துகினு வந்தாங்க. ஜிஎஸ்டி வந்த 2017ல அந்தத் தீர்வைய எடுத்துட்டாங்க. இப்போ பொது பட்ஜெட்டுல தர்றதுதான். தொழிலாளி பேரு மேல வாங்குனது போச்சி, தொழிலாளி பேரு மேல கொறைச்சது வந்துச்சி. பேரு ஒண்ணுதான், பை வேற வேற.

அப்புறம் எல்.ஐ.சி. நீ சிரிக்காம கேளு. நாட்டுலயே பெரிய சிகரெட்டு கம்பெனியில சுமார் 15 சதவீதம் பங்கு எல்.ஐ.சி. கையில. ஆயுள் காப்பீடுடா! உன் உயிரு நீண்டாத்தான் அவங்களுக்கு லாபம். அந்தக் கம்பெனிக்கு நீ நல்லா இழுத்தாத்தான் லாபம். ரெண்டு பக்கமும் பந்தயம் கட்டுனவன் தோத்ததா சரித்திரமே இல்ல. இது இன்னா நியாயம்னு பம்பாய் ஹைகோர்ட்டுல 2017ல ஆளுங்க வழக்கு கூட போட்டாங்க. அந்தக் கம்பெனிய நான் கொறை சொல்ல மாட்டேன், அவங்க புத்திசாலிங்க. 1910ல கல்கத்தாவுல இம்பீரியல் டொபாக்கோன்னு ஆரம்பிச்சவங்க, 1975லயே மெட்ராசுல சோழா ஓட்டல எடுத்து நடத்துனாங்க. அப்புறம் காகிதம், ஊதுபத்தி, கோதுமை மாவு, பிஸ்கட்டு. உங்க ஆயா சப்பாத்திக்கு வாங்குற மாவு மூட்டையில யாரு பேரு போட்டிருக்குன்னு போயி பாரு. பொகையில பொறந்தவனே மாவுப் பக்கம் ஒதுங்குறான், மாவுல வளந்த நீ பொகைப் பக்கம் ஓடுற.

தமிழ்நாட்டுல சுருட்டு பேக்டரி இருந்த காலமும் உண்டு. திண்டுக்கல்லுல ஸ்பென்சர் கம்பெனி சுருட்டு செஞ்சி கப்பல்ல அனுப்புச்சி. உறையூர் சுருட்டு சீமையில அம்மாம் பேரு வாங்குனது, ஷெர்லாக் ஹோம்ஸ் மொத கதையில, 1887ல, திருச்சிராப்பள்ளி சுருட்டுச் சாம்பல வச்சிக் குற்றவாளியத் தேடுவாரு. துரைமாருக்கு வேலைவாய்ப்பு குடுத்த ஊருடா அது. இப்போ அந்த சுருட்டுச் சுத்துற கை எத்தினி மிச்சம்னு உறையூர் தெருவுல போயி எண்ணிப் பாரு, சீக்கிரம் முடிஞ்சிடும்.

பேக்டரி விரிவாக்கம்னா நமக்குப் புதுசுமில்ல. செய்யாறு சிப்காட்டு நம்ம ஜில்லாதான். ஷூ கம்பெனிக்கு ஊரு ஊரா பஸ்ஸு அனுப்பி பொண்ணுங்கள ஏத்திகினு போறான், நூறு குடும்பத்துல அடுப்பு எரியுது, அத நான் மறுக்கல. அதே சிப்காட்ட மேல்மா பக்கம் விரிவாக்க 2023ல நெலம் கேட்டப்ப, விவசாயிங்க மாசக்கணக்குல உக்காந்தாங்க. ஏழு பேரு மேல குண்டர் சட்டம் போட்டாங்க, ஊரே கத்துனப்புறம் ஆறு பேருக்கு வாபஸ் வாங்குனாங்க. நெல்லு வெதைச்சவன் குண்டரு, அப்போ புகையில வெதைச்சவன் யாருன்னு அன்னிக்கு டீக்கடையில கேட்டேன். எல்லாரும் கிளாசையே பாத்தாங்க. ஷூவாவது கால்ல போடுறது நைனா, கடிச்சாலும் புண்ணு ஆறிடும்.

இன்னும் ஒரு கணக்கு இருக்கு, அதத்தான் உனக்கு ஆரம்பத்துலயே சொல்லணும்னு இருந்தேன். அரசாங்கமே எடுத்த கணக்கு. 2009-10ல நம்ம நாட்டுல வயசு வந்தவங்கள்ல 34.6 சதவீதம் பேரு ஏதோ ஒரு மாதிரி புகையில போட்டாங்க. 2016-17ல அது 28.6. ஆளு கொறையுது. ஒரு பக்கம் புத்தி வந்து விட்டவன். இன்னொரு பக்கம், விடாம இருந்து போய்ச் சேந்தவன். புகையிலையால நம்ம நாட்டுல வருசத்துக்கு 13 லட்சம் பேருக்கு மேல போறாங்க. வகுத்துப் பாத்தா தினம் 3,500 பேருக்கு மேல. கம்பெனிக்காரன் எடத்துல இருந்து யோசி. தினமும் 3,500 நல்ல வாடிக்கையாளரு, வருசக்கணக்கா காலையில எழுந்ததும் உன் பேரச் சொன்னவங்க, இன்னைல இருந்து வர மாட்டாங்க. அந்த எடத்த நெரப்பணுமா இல்லியா? அதுக்கு மேல பேக்டரிய வேற பெருசாக்குறான், அப்போ இன்னும் ஆளு வேணும்.

ஆக, வேலைக்கு ஆளு தேவைன்னு வந்த சேதி பொய்யில்ல. எந்த வேலைக்குன்னுதான் நீ தப்பா படிச்சிட்ட. அந்த விளம்பரத்த நான் எழுதிக் குடுக்கிறேன், கேளு. காலியிடங்கள்: தினமும் 3,500. வயது: மீசை முளைக்கும் பருவம் போதும், இன்னும் கீழ வந்தாலும் தடையில்லை. படிப்பு: தேவையில்லை, பெட்டி மேல போட்ட படத்தப் பாக்காம இருக்கத் தெரிஞ்சா போதும். முன் அனுபவம்: வேண்டாம், பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி இருக்கிற பொட்டிக்கடையில பயிற்சி தரப்படும். சம்பளம்: நீதான் குடுக்கணும், மாசா மாசம். பணிக்காலம்: ஆயுள் முழுக்க, கொஞ்சம் கொறைச்சு. இட ஒதுக்கீடு கெடையாது, எல்லா சாதிக்கும் கதவு தொறந்திருக்கும், இந்த ஒரு விஷயத்துல அவங்க சமத்துவத்த மெச்சணும். குட்காவ 2013லயே தமிழ்நாட்டுல தடை பண்ணாச்சே, அந்தப் பிரிவுல மட்டும் ஆளெடுப்பு ரகசியமா நடக்கும்.

சரி, மூஞ்ச தூக்கி வச்சிக்காத. நான் சொல்லி நீ நிக்கப் போறதில்ல, போயிட்டுத்தான் வா. காசு ஒண்ணும் கசக்காது, மல்லாட்டை வெலை உன்னக் காப்பாத்தல. மெக்கானிக்கல்காரன் உனக்கு மிஷினுக்குப் பக்கத்துல ஒரு எடம் கெடைச்சாலும் கெடைக்கும். அந்த மிஷினு ஒரு நிமிஷம் நின்னா எத்தினி ஆயிரம் நட்டம்னு மேனேஜரு கத்துவாரு, நீ ஓடுவ, நல்ல பேரு எடுப்ப.

ஆனா போற எடத்துல நாலு விஷயம் கேளு, பயப்படாம. ஷெட்டு எம்மாம் அடின்னு பெருமையா சொல்லுவான், தல ஆட்டிக்கோ. அப்புறம் மெதுவா கேளு, பழைய மிஷினுக்கு எத்தினி பேரு நின்னாங்க, புதுசுக்கு எத்தினி பேருன்னு. கம்பெனி ரோலா காண்ட்ராக்டா, காண்ட்ராக்டுன்னா காண்ட்ராக்டரு எந்த ஊருன்னு. பிஎஃப் நம்பர் எப்போ வரும்னு. பெட்டி மடிக்கிற, அடுக்குற வேலைக்கு மிஷினு எந்த வருசம் வருதுன்னும் கேட்டு வச்சிக்கோ, அதுதான் உன் கூட வர்றவங்க வேலை போற வருசம். இந்த மாவு, பிஸ்கட்டு, காகிதம் பக்கம் ஆளெடுக்கிறாங்களான்னும் ஒரு வார்த்தை போட்டு வை. கேக்கிறதுக்குக் காசா?

அங்க ஒரு ஃபாரம் குடுப்பாங்க. பேரு, அப்பா பேரு, ரத்த வகை எல்லாம் இருக்கும். ‘புகைபிடிக்கும் பழக்கம் உண்டா’ன்னு ஒரு கட்டம் இருந்துச்சின்னா மட்டும் கொஞ்சம் நிதானிச்சி எழுது. ஆமான்னு போட்டா நாளைக்கு எல்.ஐ.சி.யில டெர்ம் பாலிசிக்குப் பிரீமியம் ஏத்துவான், அவங்க ஃபாரத்துலயும் அதே கேள்வி இருக்கு. இல்லன்னு போட்டா, சொந்தச் சரக்கு மேல நம்பிக்கை இல்லாதவன எப்டி வேலைக்கு எடுக்கிறதுன்னு மேனேஜரு யோசிப்பாரு. அந்தக் கட்டத்த காலியா விட்டுட்டு, மேனேஜரு அவரு ஃபாரத்துல இன்னா போட்டாருன்னு கேட்டுகினு வா, எனக்கும் தெரியணும்.